எந்தக் குமார்?

என் போனுக்கு வரும் விற்பனை அழைப்புகள் ஓரளவு அடங்கிவிட்டன. முழுதாக நிற்கவில்லை. ஆனால் என் நம்பர் எந்தக் கடையிலிருந்து வெளியே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்தது. அதற்காகத்தான் இந்தப் பதிவு. உருப்படியாகப் பயன்பட்ட சாமான்கள்: கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று, வீட்டில் ஏற்கெனவே இருந்த அயர்ன் பாக்ஸ். எல்லாம் சேர்த்து 60 ரூபாய்க்குள். வீணாகப் போன செலவு தனி, அது பின்னால் வரும்.

வீடு கடலூர் திருப்பாப்புலியூரில், வேலை புதுச்சேரியில். அதனால் சாமான் வாங்குவது பாதி லாரன்ஸ் ரோட்டில், பாதி நேரு வீதியில். இரண்டு ஊர்க் கடைகளிலும் என் நம்பர் கிடக்கிறது. வருகிற அழைப்பும் அதே மாதிரி கலவைதான்: ரெட்டிச்சாவடி பக்கம் மனை, பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, அப்புறம் ‘உங்கள் நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்கிற சுற்றுலா கிளப் வகையறா.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வருகிற நம்பரை எல்லாம் பிளாக் செய்துகொண்டே போனேன். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிற வேலை அது. கூப்பிடுகிறவர்களிடம் கட்டுக்கட்டாக சிம் இருக்கிறது. ஒன்றை அடைத்தால் கடைசி இரண்டு இலக்கம் மாறி இன்னொன்று வருகிறது. இதில் கேஸ் டெலிவரி தம்பியின் நம்பரும் பிளாக் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது, சிலிண்டர் வராதபோதுதான் தெரிந்தது.

அப்புறம் 1909. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சைபர் போட்டு இந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று பதிவாகும். பேசியும் பதியலாம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) ஆப்பிலும் பதியலாம். நான் எஸ்எம்எஸ்தான் அனுப்பினேன், உறுதி செய்யும் பதிலும் வந்தது. 140-ல் தொடங்கும் நம்பர்களிலிருந்து வந்தவை இதிலேயே பெரும்பாலும் ஓய்ந்தன. பதிவு செய்துகொண்டு முறையாக விளம்பரம் செய்பவர்களுக்கு ஒதுக்கிய வரிசை அது. வங்கி, காப்பீடு மாதிரி இடங்களிலிருந்து கணக்கு சம்பந்தமாகக் கூப்பிடுவதற்கு 1600 என்று தனி வரிசை இருக்கிறது, அதை அடைக்கக் கூடாது. எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பியவர் பெயரின் கடைசியில் இப்போது ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிமாற்றம், ஜி அரசு. இதைத் தெரிந்துகொண்டபின் எதைத் திறக்காமலே அழிக்கலாம் என்பது ஒரு பார்வையில் புரிந்துவிடுகிறது.

நிற்காதவை எவை என்றால், சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து வருபவை. பதிவே செய்யாமல் விற்கிறவர்களுக்கு நான் 1909-ல் பதிந்தது பற்றி என்ன கவலை? இவர்கள் மேல் புகார்தான் கொடுக்க வேண்டும். டிராய் விதிகளில் 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இது சற்று வசதியாகிவிட்டது. முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது ஏழு நாள். 1909-ல் பதிந்திருக்கவேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. பத்து நாளுக்குள் ஐந்து பேர் புகார் கொடுத்தாலே அந்த நம்பர் மேல் நடவடிக்கை தொடங்க வேண்டும் (முன்பு ஏழு நாளில் பத்துப் பேர்). முதல் தடவை பிடிபட்டால் 15 நாளுக்கு வெளியே அழைக்க முடியாது. திரும்பவும் செய்தால் அவர் பெயரில் இருக்கும் இணைப்பு எல்லாம் ஒரு வருடத்துக்குத் துண்டிப்பு. வந்த நம்பர், தேதி, என்ன விற்றார்கள் என்று ஒரு வரி, அவ்வளவுதான் கேட்கிறார்கள். டிஎன்டி ஆப்பில் கால் பட்டியலிலிருந்தே நம்பரைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. பஸ்ஸில் ஆல்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு புகாரை முடித்துவிடுவேன்.

ஆனால் ஒரு புகார் எனக்கு எதிராகத் திரும்பியது. ‘வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்’ என்று பதில். நான் எப்போது கொடுத்தேன்? யோசித்துப் பார்த்தால், ஒரு ஜவுளிக்கடை பில் கவுன்டரில் ‘பாயின்ட் ஏறும் சார், ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க’ என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த நான்கு இலக்கம்தான் ஒப்புதல். 1909-ல் என்ன பதிந்திருந்தாலும், குறிப்பிட்ட கடைக்கு நாமே கொடுத்த ஒப்புதல் அதைத் தாண்டிப் போய்விடும். இதைத் திரும்பப் பெறலாம். விளம்பரச் செய்தியிலேயே விலகுவதற்கு வழி கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி, விலகியபின் 90 நாளுக்கு மறுபடி ஒப்புதல் கேட்கவும் கூடாது. விலகினேன், நின்றது. ஆனால் அதற்குள் என் நம்பர் வேறு யார் யாரிடம் போனது என்பதுதான் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் இனிஷியல் யோசனை வந்தது. ஈமெயிலுக்கு இப்படி ஒரு வித்தை இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டுக் கடைப் பெயரைச் சேர்த்தால், கடிதம் நம் பெட்டிக்கே வரும், ஆனால் எந்தக் கடைக்குக் கொடுத்த முகவரி என்பது தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே பெயருக்கு நடுவில் புள்ளியை இடம் மாற்றிப் போடலாம், ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. போன் நம்பரில் இப்படி ஒட்டுப்போட முடியாது. ஆனால் நமக்குத்தான் இனிஷியல் இருக்கிறதே. எந்தக் கவுன்டரிலும் ‘இனிஷியல் என்ன சார்’ என்று கேட்காமல் விடுவதில்லை, சொன்னதைச் சரிபார்ப்பவரும் இல்லை.

என் பெயர் குமார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிஜ இனிஷியல் இங்கே வேண்டாம். கடைக்கு ஒன்றாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மறக்காமல் இருக்கக் கடை வகையின் முதல் எழுத்து: நகைச்சீட்டுக் கடைக்கு ஜி, கோல்டு என்பதால். ஜவுளிக்கு ஜே. கண்ணாடிக் கடைக்கு கே. புதுச்சேரியில் ஒரு கடை வாசலில் ‘கார் பரிசு’ என்று குலுக்கல் பெட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கூப்பனுக்கு சி. ஆன்லைன் பார்சலுக்கு பி. ரத்தப் பரிசோதனைக்கு எல், லேப் என்பதால். எழுத்து தீர்ந்தால் இரட்டை இனிஷியல், கே.கே. குமார் என்றால் நம் ஊரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நோட்டில் நான்கு பத்தி: தேதி, இடம், சொன்ன இனிஷியல், ஓடிபி கொடுத்தேனா இல்லையா. வந்த அழைப்புகளை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன்.

ஆரம்பத்தில் ஒன்றும் சிக்கவில்லை. கூப்பிடுகிறவர்கள் ‘குமார் சாருங்களா’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், இனிஷியலை யாரும் படிப்பதில்லை. அப்புறம் ஒரு கேள்வி கண்டுபிடித்தேன்.

‘எந்தக் குமார்ம்மா? இங்க ரெண்டு குமார் இருக்கோம்.’

அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் ஒரு நொடி மௌனம், மௌஸ் சத்தம், பிறகு திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பார்கள். ஒரு பெண் ஊர், பின்கோடு வரைக்கும் வாசித்தார். கோபப்பட்டுக் கத்தினால் ஒரு தகவலும் வராது. குழம்பின மாதிரி கேட்டால் வரும்.

ரெட்டிச்சாவடி மனைக்காரர் இப்படித்தான் ‘ஜி குமார் சார்’ என்றார். ஜி என்றால் நகைச்சீட்டு. மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டுகிற கடை, அவர்களா இப்படி என்று ஒரே எரிச்சல். நேரில் போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பவே இருந்தேன். அன்று மாலை அதே மனைக்காரர் வாட்ஸாப்பில் லேஅவுட் படம் அனுப்பினார், மேலே ஆங்கிலத்தில் பெயரோடு. பார்த்தால் ஜி இல்லை, சி. போனில் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. நகைக்கடைக்கும் மனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, கார் குலுக்கல் கூப்பன்தான். கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று இப்போது பார்க்கவும் வழியில்லை, பெட்டிக்குள் போட்டாயிற்று.

ஆகவே இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் எழுத்தைக் காதால் தேர்ந்தெடுங்கள். சி, ஜி, டி, பி, வி எல்லாம் போனில் ஒன்றுதான். எம், என் இரண்டும் அப்படியே. ஆர், கே, எல், ஓ, டபிள்யூ தெளிவாகப் பிரிந்து கேட்கும். இனிஷியலை விடப் பெயரின் வாலை மாற்றுவது இன்னும் நல்லது என்று இப்போது படுகிறது. குமார், குமரன், குமரவேல், குமரேசன் என்று கொடுத்தால் இரண்டாவது கேள்வியே தேவைப்படாது. அடுத்த நோட்டில் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன்.

இரண்டாவதாகச் சிக்கியது பரிசு ஓட்டல் கோஷ்டி. அவர்கள் வாசித்தது ஜே, இந்தத் தடவை எழுத்திலும் வரவழைத்து உறுதி செய்துகொண்டேன். ஜவுளிக்கடைப் பாயின்ட் கணக்கு. கடைக்குப் போய் என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். மேலாளருக்கு நான் கேட்பதே புரியவில்லை, ‘பாயின்ட் போயிடும் சார்’ என்று வருத்தப்பட்டார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, முக்கியப் பகுதிகள் அமலாக 18 மாத அவகாசம். சட்டத்தைச் சொல்லி அவரை மிரட்டிப் பயனில்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டரில் என்ன செய்தாரோ, அந்தக் கடையின் எஸ்எம்எஸ் அதற்குப் பிறகு வரவில்லை.

மூன்றாவது வகை அழைப்பு சொந்த இனிஷியலோடே வருகிறது. கடன், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் அதுதான். பழைய பட்டியல், எங்கே போனது என்று இனித் தேட முடியாது. அதற்குப் புகார் ஒன்றுதான் வழி.

நிஜ இனிஷியலை எங்கே மாற்றவே கூடாது என்பதும் தெரிந்தது. வங்கி, கேஸ், மின்சாரம், காப்பீடு, வாரன்ட்டி அட்டை, இவை நான் தொடாதவை. ஆனால் லேப் விஷயத்தில் அடி வாங்கினேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எல். குமார், காப்பீட்டு அட்டையில் வேறு. கிளெய்ம் போடும்போது நின்றுவிட்டது. திருத்திக் கொடுக்க லேபில் என்ன கேட்டார்கள் தெரியுமா? ஆதார் நகல். ஓர் எழுத்தை மறைக்கப் போய் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். மருத்துவத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஆதார் என்றதும், நகல் கொடுக்க வேண்டிய இடத்தில் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் தளத்தில் இறக்கும்போது ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் போதும். பிரிண்ட் போடத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மஞ்சக்குப்பம் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போனால் ‘வாட்ஸாப்ல அனுப்புங்க சார்’ என்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் திரையில் எனக்கு முன்னால் வந்தவர்களின் பான் கார்டு, பாஸ்புக், குடும்ப அட்டை எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. இப்போது பென் டிரைவில் இந்த ஒரு கோப்பை மட்டும் வைத்துக் கொண்டுபோகிறேன், அடித்து முடித்ததும் அவர் கம்ப்யூட்டரில் பிரதி நிற்கிறதா என்று பார்த்து அழிக்கச் சொல்கிறேன். நகலின் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று பேனாவால், எழுத்துகளின் மேலேயே படுகிற மாதிரி எழுதுவதும் பழக்கமாகிவிட்டது.

காகிதம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு முதுநகரில் ஒரு டீக்கடை சாட்சி. வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தால் யாரோ ஒருவரின் கடன் விண்ணப்பம், எண்ணெய் ஊறிய இடத்தில்தான் கையெழுத்தும் போன் நம்பரும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அதனால் வீட்டுப் பழைய பேப்பரிலும் கை வைத்தேன். பெரிய தலைவலி பார்சல் லேபிள். பெயர், முகவரி, சில சமயம் முழு நம்பர், இத்தனையும் அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. மார்க்கரால் அடித்தால் போதும் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடியிலிருக்கும் எழுத்து மினுமினுவென்று தெரிகிறது. சானிடைசர் தேய்த்துப் பார்த்தேன். ஒரு லேபிள் கறுத்துக் குழம்பியது, மேலே பூச்சு உள்ள இன்னொன்று அசையவே இல்லை. கடைசியில் வேலை செய்தது சூடு. இந்த லேபிள்கள் பெரும்பாலும் தெர்மல் தாள், மையில்லாமல் சூட்டால்தான் எழுத்தே விழுகிறது. ஆகவே முழுத் தாளையும் சூடாக்கினால் முழுதும் கறுப்பாகிவிடும், எழுத்தும் பார்கோடும் அதில் மூழ்கிவிடும். அயர்ன் பாக்ஸை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, லேபிள் மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு, மூன்று நான்கு விநாடி அழுத்தினால் போதும். அட்டைப்பெட்டி என்றால் பெட்டியிலேயே தேய்க்கலாம். பிளாஸ்டிக் கவர் என்றால் முதலில் உரித்து எடுத்துவிட வேண்டும். நான் உரிக்காமல் வைத்து, கவர் உருகி அயர்ன் பாக்ஸில் ஒட்டி, சுரண்டி எடுக்க அரை நாள். லேசர் பிரிண்ட் பில்லுக்கு இந்தச் சூடு ஒன்றும் செய்யாது, அதைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போடுவதுதான்.

வீண் செலவு என்று சொன்னது இரண்டாவது சிம். கடைகளுக்குக் கொடுக்க மட்டும் ஒரு நம்பர் என்று கீபேட் போன் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். சிம்மை உயிரோடு வைக்க மாதம் கிட்டத்தட்ட 200 ரூபாய். போன் வீட்டில் இருக்கும், ஓடிபி கேட்கும்போது நான் நேரு வீதி கவுன்டரில் நிற்பேன். இரண்டு போனையும் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை, விட்டுவிட்டேன். அதைவிட நம்பரே கொடுக்காமல் இருப்பது சுலபம். பில் போட நம்பர் கேட்டுக் கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கவுன்டரில் இதைச் சொன்னால், ‘நம்பர் போடாம பில் ஓப்பன் ஆகாது சார்’ என்பார்கள். ‘அப்ப நீங்களே ஏதாவது போட்டுக்கோங்கம்மா’ என்றால் ஒரே இலக்கத்தைப் பத்துத் தடவை தட்டிவிட்டு பில்லைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நம் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். எனக்கு எப்போதோ வாங்கிய டாங்கிள் சிம் ஒன்று வந்து நின்றது, தேவையில்லை என்று குறித்துவிட்டேன். மோசடி என்று சந்தேகப்படும் அழைப்பையும் அங்கேயே தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் அதற்கு சைபர் மோசடி உதவி எண் 1930.

அம்மா போன்தான் கடைசிவரை மசியவில்லை. தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் கூப்பிட முடிகிற மாதிரி வைத்தேன். பேங்கிலிருந்து கூப்பிட்டது, கூரியர் பையன், கோயில் அன்னதானக்காரர் என்று எல்லோரும் தடைபட்டார்கள், திரும்ப எடுத்துவிட்டேன். 140-ல் தொடங்கும் நம்பரை மொத்தமாகத் தடுக்க அந்தப் போனில் வசதி இருந்தது, அது மட்டும் நிற்கிறது. வாட்ஸாப்பில் தெரியாதவர்கள் குழுவில் சேர்க்க முடியாதபடி தனியுரிமைப் பகுதியில் மாற்றியதும் மனை விற்கும் குழுக்கள் நின்றன. மீதி அழைப்புகளை அம்மா எடுத்துப் பேசத்தான் செய்கிறார். ‘வெச்சிடும்மா’ என்றால், ‘பாவம்டா, அந்தப் பொண்ணு காலையிலேருந்து சாப்பிடலையாம்’ என்று பதில் வருகிறது. நம்பர், பெயர், ஓடிபி எதுவும் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஊர்க்கதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

அடுத்து அக்கா வீடு. அக்கா மகளுக்கு வரன் பார்க்கத் தளத்தில் பதியப் போகிறார்கள். அங்கே பெயரையோ இனிஷியலையோ மாற்றிப் போட முடியாது, நம்பரோ ஊரெல்லாம் சுற்றும். அலமாரியில் தூங்கும் கீபேட் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். மாமா கையிலேயே அது இருக்கும், வரன் அமைகிற வரைக்கும் அந்த 200 ரூபாய் தகும்.